இடது பக்கம் கீழே

என் மகளுக்கு முதுகு வளைந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, டெய்லர்.

பவித்ராவுக்கு அப்போது பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகப் பாவாடை சட்டை தைக்கக் கொடுத்திருந்தோம். போட்டுப் பார்த்தால் பாவாடை ஒரு பக்கம் ஏறி நின்றது. என் மனைவி முத்துமாரி கொண்டுபோய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். மறுபடி தைத்து வந்தது, மறுபடி அதே பக்கம் ஏறியது. மூன்றாவது தடவை அந்த டெய்லரம்மா பிள்ளையையே வரச்சொல்லி, நிற்கவைத்து, இடுப்பைச் சுற்றி டேப் பிடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு மாரியைத் தனியாகக் கூப்பிட்டு, "தையல்ல ஒரு தப்பும் இல்லத்தா. பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இல்ல. ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிருங்க" என்றாராம்.

மாரி வந்து சொன்னபோது நான் சிரித்தேன். "தைக்கத் தெரியாதவளுக்குச் சாக்கு வேணும்ல" என்றேன். புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டுகிறாள், அதனால் இருக்கும் என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் உடனே ஒரு காரணம் சொல்லிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. இதை எழுதுவதே அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

விருதுநகரில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் பவித்ராவைக் கால்களைச் சேர்த்து நின்று, கைகளைக் கூப்பிக்கொண்டு மெதுவாகக் குனியச் சொன்னார். என்னை வெளியே நிற்கச் சொல்லவில்லை, நானாகத்தான் திரும்பி நின்றுகொண்டேன். பெரிய மனுஷியான பிள்ளையின் முதுகைத் தகப்பன் பார்ப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மாரிதான் பார்த்தாள். அவள் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது.

எக்ஸ்ரே எடுத்து, மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் 'ஸ்கோலியோசிஸ்' என்ற சொல்லைக் கேட்டோம். டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். முதுகெலும்பு பின்னாலிருந்து பார்த்தால் நேர்க்கோடாக இருக்கவேண்டும். சில பிள்ளைகளுக்கு, வளர்கிற வயதில், அது பக்கவாட்டில் வளைகிறது. வளைவதோடு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. பையாலும் வராது, உட்காருவதாலும் வராது. பெரும்பாலும் ஏன் என்றே தெரிவதில்லை. எக்ஸ்ரேயில் வளைவின் மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் கோடு போட்டு, இரண்டும் சந்திக்கிற கோணத்தை அளப்பார்கள். பவித்ராவுக்கு இருபத்தாறு டிகிரி, இடுப்புக்கு மேலே, இடது பக்கமாக.

"நாற்பது, நாற்பத்தஞ்சைத் தாண்டினா ஆபரேஷன் பத்திப் பேசவேண்டி வரும்" என்றார். முதுகைத் திறந்து, எலும்பில் ஸ்க்ரூ வைத்து, இரண்டு கம்பிகளை மாட்டி நிமிர்த்துவது. "இப்ப அதுக்கு அவசியம் இல்லை. ஆனா இவ இன்னும் வளரணும். வளர வளரக் கூடலாம். அதான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

சிவகாசி மாதிரிப் பட்டாசு ஊரில் இருக்கிறவர்களுக்குப் பயம் புதிதில்லை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் மாரி பேக்கிங் வேலைக்குப் போகிறாள். எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் என் கை தன்னால் போனைத் தேடும். அவள் எடுத்து "எங்க கம்பெனி இல்ல" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இந்தப் பயத்துக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. பிள்ளை வளர்வதைப் பார்த்துப் பயப்படவேண்டும் என்றால் எப்படி? ஸ்கூல் யூனிபார்ம் குட்டையாகிப்போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும் என்றார்கள். தண்டுவடத்துக்குள் வேறு கோளாறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய. காந்தத்தை வைத்து உள்ளே படம் பிடிக்கிற குழாய் போன்ற மெஷின். முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருக்கவேண்டும். கதவுக்கு வெளியே பெஞ்சில் மாரியும் நானும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே டம் டம் என்று இடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் அச்சகத்தில் பேப்பர் சிக்கிய மெஷின் இப்படித்தான் கத்தும், உடனே ஓடிப்போய் நிறுத்துவோம். இங்கே நிறுத்த யாரும் ஓடவில்லை. மாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. தண்டுவடத்தில் கோளாறு இல்லை என்று வந்தது.

பிறகு பத்து நாள் தங்கிப் பயிற்சி கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். தினம் சிவகாசியிலிருந்து வந்துபோக முடியாது என்பதால் வார்டிலேயே படுக்கை கொடுத்தார்கள். பகலில் மாரி, ராத்திரியும் அவள்தான். நான் வேலை முடித்து ஒருநாள் விட்டு ஒருநாள் போவேன்.

பக்கத்துப் படுக்கையில் மல்லாங்கிணறு ஊர்ப் பெண் ஒருத்தி, காலேஜ் படிக்கிறவள், இதே முதுகு வளைவுக்கு அவளுக்கு ஆபரேஷன் ஆகி நாலு நாள் ஆகியிருந்தது. வளைவு அறுபதைத் தாண்டிய பிறகுதான் வந்தார்களாம். அவளைத் திருப்பிப் போட இரண்டு நர்ஸ்கள் வேண்டும். தோள் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளாமல் முழு உடம்பையும் ஒரே மூச்சில் புரட்டுவார்கள். அப்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் எழுப்புவாள். நாங்கள் கிளம்புவதற்குள் அவள் எழுந்து நடந்தாள், முகம் தெளிந்திருந்தது, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ஆனாலும் பவித்ரா காதில் நின்றது அந்தச் சத்தம்தான். ஒருநாள் தன் அம்மாவிடம், "என்னையவும் இப்படித்தான் உருட்டுவாகளாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். மாரி பிளாஸ்கை எடுத்துக் கழுவப் போய்விட்டாளாம்.

பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் ஸ்டெல்லா. பிசியோதெரபிஸ்ட், சாத்தூர்ப் பக்கம். யோகாவும் படித்தவர். முதல் நாளே எங்களிடம், "நாற்பத்தெட்டு நாள்ல நிமித்திர்றேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஆசனம் எலும்பைத் தேச்சு நேராக்காது. எலும்பைத் தாங்குற தசைக்குப் பலம் குடுக்கும். வளைவு கூடாம பிடிச்சு நிறுத்தப் பாக்குறோம், அம்புட்டுதான்" என்றார்.

மூச்சுப் பயிற்சி ஒன்று. நாலு காலில் நின்று முதுகை மேலே தூக்கி இறக்குவது ஒன்று. முக்கியமானது வசிஷ்டாசனம். ஒருக்களித்துப் படுத்து, கீழே இருக்கும் கையை ஊன்றி, இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி, தலை முதல் கால் வரை பலகை மாதிரி நிறுத்துவது. இரண்டு பக்கமும் செய்யக்கூடாது. வளைவு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் கீழே இருக்கவேண்டும். அந்தப் பக்கத்துத் தசைக்குத்தான் வேலை கொடுக்கவேண்டும். பவித்ரா முதல் நாள் ஆறு எண்ணுவதற்குள் விழுந்தாள். பத்தாம் நாள் இருபத்தைந்து வரை நின்றாள். எக்ஸ்ரே ஃபிலிமையும், 'வளைந்த பக்கம் கீழே' என்று எழுதிய ஒரு தாளையும் கொடுத்து அனுப்பினார்கள்.

இனி வருவது என் கதை.

நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் இருபத்தேழு வருஷமாகப் பேஸ்டிங் வேலை பார்க்கிறேன். அடியில் லைட் எரியும் கண்ணாடி மேசையில் ஃபிலிம்களை வைத்து ஒட்டிக் கொடுப்பேன், அதைக்கொண்டு அச்சடிக்கும் பிளேட் போடுவார்கள். இப்போது கம்ப்யூட்டரிலிருந்தே நேராகப் பிளேட்டுக்குப் போய்விடுகிறது. எங்கள் கம்பெனியில் பழைய லேபிள் ஆர்டர்கள் மட்டும் இன்னும் ஃபிலிமில் ஓடுகின்றன. ஃபிலிமில் ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். மருந்து பூசிய மங்கல் பக்கம்தான் பிளேட்டில் படியவேண்டும். அதனால் ஒட்டும்போது மங்கல் பக்கத்தை மேலே வைத்து ஒட்டுவோம். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித்தான் தெரியும். புதிதாக வருகிறவனுக்குத் தலை சுற்றும். எனக்கு எழுத்து நேராகத் தெரிந்தால்தான் எதையோ தப்பாக வைத்துவிட்டோம் என்று உறுத்தும்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த தாள் கசங்கலாக இருந்தது. பிள்ளைக்கு நல்லதாக ஒன்று செய்து கொடுப்போம் என்று எக்ஸ்ரேயை அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். என் மேசையில் வைத்தேன். கை தன் பழக்கத்துக்கு மங்கல் பக்கத்தை மேலே திருப்பி வைத்தது. மேலே தாள் போட்டு எலும்பு எலும்பாகக் கோடு எடுத்தேன். மூலையில் வலது பக்கத்தைக் குறிக்கும் 'ஆர்' எழுத்து ஒன்று இருந்தது. அது இடம் வலம் மாறித் தெரிந்தது. என் கண்ணுக்கு அது சரியாகவே பட்டது. வளைவு வலது பக்கம் தெரிந்தது, டாக்டர் இடது என்று சொன்னது நினைவுக்கே வரவில்லை. எல்லா ஆசனத்துக்கும் படம் வரைந்து, நாலு கலரில் அச்சடித்து, லேமினேஷன் போட்டுச் சுவரில் மாட்டினேன். வசிஷ்டாசனத்தின் கீழே பெரிய எழுத்தில் 'வலது பக்கம் கீழே' என்று போட்டிருந்தேன்.

பவித்ரா அதைப் பார்த்ததுமே கேட்டாள்.

"அப்பா, அங்கன இடது பக்கம்ல சொல்லித் தந்தாக?"

"ஸ்டெல்லா மேடம் உனக்கு எதிர்ல நின்னு காட்டிருப்பாங்க. எதிர்ல நின்னா மாறித்தான் தெரியும். உனக்குக் குழம்பிருச்சு."

"இல்லப்பா, பத்து நாளும் நான் இந்தக் கையத்தான் ஊணுனேன்."

"ஏ பிள்ள, இருபத்தேழு வருஷமா ஃபிலிம் பாக்குறவன் நான். எனக்குத் தெரியாதாக்கும்? படத்துல என்ன இருக்கோ அதச் செய்யி."

அவள் செய்தாள். மாரிக்கு அப்போது தீபாவளி சீசன். விடியற்காலையில் போனால் இருட்டித்தான் வருவாள், வந்ததும் வெடிமருந்து போகக் குளித்துவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவாள், சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கவும் நேரமிருக்காது. ஒருநாள் அவள் பிள்ளையைக் குனியச் சொல்லிப் பார்த்திருந்தால் முதுகு எந்தப் பக்கம் மேடாக எழும்புகிறது என்று தெரிந்திருக்கும். சோறு பொங்கி, பாத்திரம் கழுவி, பிள்ளை பக்கத்தில் நின்று எண்ணுவதெல்லாம் நான்தான். இருபத்தைந்து, முப்பது, நாற்பது என்று அவள் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தீபாவளி முடிந்து மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். புதிய எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் கோடு போட்டு அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். முப்பத்துநாலு.

நாலு மாதத்தில் எட்டு என்றால் இன்னும் நாலு மாதத்தில் எவ்வளவு என்று மனசு கூட்டிக்கொண்டே போனது. இடுப்பைச் சுற்றிப் போடும் பிளாஸ்டிக் ப்ரேஸ் ஒன்றை இனிக் கட்டாயம் போடவேண்டும், குளிக்கவும் பயிற்சிக்கும் மட்டும் கழற்றலாம் என்று டாக்டர் சொன்னார். மருந்துக் கடைக்குப் பக்கத்து அறையில் அதற்கு அளவு கொடுக்கப் பேர் பதிய மாரி போய் நின்றாள். நானும் பவித்ராவும் ஸ்டெல்லாவிடம் போனோம்.

ஸ்டெல்லா ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, "செய்றதக் காட்டும்மா, பாப்போம்" என்றார். பவித்ரா பாயில் வலது பக்கமாகப் படுத்துக் கையை ஊன்றினாள்.

"ஏம்மா, வலது பக்கமா படுத்திருக்க? இடது பக்கம் கீழனுதான சொல்லிக் குடுத்தேன்?"

நான் விளக்குப் பெட்டியைப் பார்த்தேன். 'ஆர்' எழுத்து நேராக நின்றது. வளைவு இடது பக்கம் இருந்தது. என்ன செய்திருக்கிறேன் என்று புரிவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் பவித்ரா, "நான்தான்க்கா மாத்திச் செஞ்சிட்டேன். மறந்து போச்சு" என்றாள்.

ஸ்டெல்லா அவளைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். நாலு மாதம், இந்த வயதில், எத்தனை முக்கியமான நாலு மாதம் தெரியுமா என்று. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் வேறு எங்கும் நின்றதில்லை.

"இப்ப வந்துர்றேன்" என்று சொல்லி வெளியே வந்தேன். நேராக டாக்டர் அறைக்குப் போனேன். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். உள்ளே போய், "சார், ஆபரேஷன் பண்ணிருங்க. எங்களால வீட்டுல வச்சுப் பாக்க முடியாது. இப்பவே தேதி குடுத்துருங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றேன். நடந்ததையும் சொன்னேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். "முப்பத்துநாலுக்கு ஆபரேஷன் பண்றதில்லை. பக்கம் மாறினதாலதான் கூடுச்சுன்னும் சொல்ல முடியாது. சரியாச் செஞ்சும் சில பிள்ளைங்களுக்குக் கூடும். ப்ரேஸ் போடுங்க, சரியான பக்கம் செய்யுங்க, நாலு மாசம் பாப்போம்." சொல்ல முடியாது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னால்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தால்கூட ஒரு பிடி கிடைத்திருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் பவித்ரா முன் சீட்டில் தூங்கிவிட்டாள். மாரியிடம் சொன்னேன். ஃபிலிமைத் திருப்பி வைத்ததைத்தான் சொன்னேன். டாக்டரிடம் ஆபரேஷன் கேட்டதைச் சொல்லவில்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பிள்ள அன்னைக்கே உங்ககிட்ட சொன்னாளா, இல்லையா?"

"சொன்னா."

அதற்குப் பிறகு ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றிரவே சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றி நாலாகக் கிழிக்கப் பார்த்தேன். லேமினேஷன் போட்டது கிழியவில்லை, கத்தரி எடுக்கவேண்டியிருந்தது.

ப்ரேஸ் வந்தது. மார்பு முதல் இடுப்பு வரை கெட்டியாகப் பிடிக்கும் கூடு. எங்கள் ஊர் வெயிலில், மழை என்று பேருக்குத் தூறிவிட்டுப் போகும் ஊரில், அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸேறிப் பள்ளிக்கூடம் போவது என்னவென்று போட்டவளுக்குத்தான் தெரியும். உள்ளே வேர்க்குரு பழுத்துவிட்டது. மாரியோடு வேலை பார்க்கும் பெண்கள் மெல்லிய பருத்தித் துணி வாங்கி, தையல் உறுத்தாதபடி உள் பனியன் பத்து தைத்துக் கொடுத்தார்கள். கூலி பேசப்போன மாரியைத் திட்டி அனுப்பினார்களாம்.

தினமும் விடிந்ததும் பயிற்சி. மாரி காலை ஷிப்டை அரைமணி தள்ளிக் கேட்டு வாங்கினாள். இனி பிள்ளை முதுகை அவள்தான் பார்ப்பாள் என்று ஏற்பாடு. நான் அடுப்படியில் நின்றுகொண்டு காதை மட்டும் கொடுத்திருப்பேன். பக்கத்தில் போகப் பயமாக இருந்தது. நான் கிட்டே போனாலே ஏதாவது தப்பாகிவிடும் என்று தோன்றியது. பவித்ரா கூப்பிடவும் இல்லை.

அந்த நாலு மாதமும் நான் எதை நினைத்தேன் என்றால், முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு. லேபிள் ஒட்டும்போது, டீ குடிக்கும்போது, வேறு வேலையே இல்லாதவன் மாதிரி இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வார்டுப் பெண்ணின் முகத்துக்குப் பதில் பவித்ராவின் முகம் வரும். அப்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

மார்ச்சில் போனோம். மாரிக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் பவித்ராவும் மட்டும். டாக்டர் அளக்கும்போது நான் தரையில் பதித்திருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பவித்ராதான் அவர் கையைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்திரண்டு" என்றார். "ரெண்டு டிகிரி அளவுல முன்ன பின்ன வர்றதுதான், குறைஞ்சிருச்சுன்னு சொல்லமாட்டேன். ஆனா கூடல. மூணு சென்டிமீட்டர் வளந்திருக்கா. வளந்தும் கூடல. இன்னும் ஒன்றரை வருஷம் இப்படியே பிடிச்சு நிறுத்தணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் அடுத்தவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்.

பவித்ரா ப்ரேஸ் மாட்ட உள்ளே போன நேரத்தில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "மேடம், போன தடவ அவள வஞ்சீங்கள்ல. தப்பு அவ மேல இல்ல. நான்தான் ஃபிலிமத் திருப்பி வச்சு, பக்கத்த மாத்திச் சொல்லிக் குடுத்தேன். அவ அன்னைக்கே தப்புன்னு சொன்னா. நான்தான் கேக்கல."

"தெரியும் சார்" என்றார்.

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல. பத்து நாளும் ஒழுங்காச் செஞ்ச பிள்ள எப்படி மறக்கும்? நீங்க வெளிய போனதும் கேட்டேன். சொல்லிட்டா. உங்களுக்குத் தெரிய வேணாம்னா. 'தன்னாலதான் கூடிருச்சுன்னு தெரிஞ்சா அப்பா பயந்துருவாருக்கா. பயந்தா ஆபரேஷன் பண்ணிருங்கன்னு டாக்டர்ட்ட போய்ச் சொல்லிருவாரு'ன்னா."

என்னைக் காப்பாற்றத்தான் பழியை ஏற்றுக்கொண்டாள் என்று நாலு மாதமாக நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். அவள் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், என்னிடமிருந்து. அவள் ஸ்டெல்லாவிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் நான் நாலு கதவு தள்ளி அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பஸ் திருமங்கலம் தாண்டியது. பிறகு மெதுவாக, "பவித்ரா, அன்னைக்கு நான் டாக்டர்ட்ட போயி..." என்று ஆரம்பித்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஆபரேஷன் கேட்டீகளா?"

"கேட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"வேணாம்னாரு."

ப்ரேஸ் போட்டிருந்ததால் அவளால் சாய்ந்து உட்கார முடியாது. நேராக நிமிர்ந்து, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

"இனிமே என்னயக் கேக்காம யார்ட்டயும் கேக்காதீகப்பா."

சரி என்றேன்.